மச்சில் கிடந்த எஞ்சினை மெதுவாக ஓடவைத்தது

சென்ற மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகக் கல்லிடைக்குறிச்சி வீட்டு மச்சை ஒழித்தபோது, ஆச்சியின் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்த டிரங்குப் பெட்டிக்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த பொம்மை ரயில் எஞ்சின் கிடைத்தது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த தாத்தா, 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறி ஊர் திரும்பியபோது எனக்காக வாங்கி வந்தது அது. அப்போது எனக்கு ஏழு வயது. எட்டு டார்ச் பேட்டரிகளை மூங்கில் குழாயில் வரிசையாகக் கோத்து 12 வோல்ட் உண்டாக்கி, பட்டாசலில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, அப்பா அதை ஓட்டிக் காட்டினார். சில ஆண்டுகளில் அது திணறத் தொடங்கியது. அப்பா அதற்குத் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை விட்டார். இன்னும் திணறவே மேலும் விட்டார். பிறகு பெட்டிக்குள் போய்விட்டது.

ட்ரை-ஆங் நிறுவனம் இங்கிலாந்தில் செய்த 'ஜின்டி' என்ற மாதிரி அது. நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் வண்டி இல்லாமல், தண்ணீர்த் தொட்டிகளை உடலின் இருபுறமும் சுமந்துகொண்டு, மூன்று அச்சுகளில் ஆறு சக்கரங்களோடு நிற்கும் கறுப்பு எஞ்சின். அதன் அசல் வண்டிகள் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் வடிவமைப்பில் 1924 முதல் 1931 வரை 422 எண்ணிக்கையில் கட்டப்பட்டன. யார்டுகளில் பெட்டிகளை இழுத்துச் சேர்ப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. மாதிரியின் அளவு ஓஓ, அதாவது அசலில் ஏறத்தாழ 76-இல் (துல்லியமாக 76.2-இல்) ஒரு பங்கு. ஆனால் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். அதை 76.2-ஆல் பெருக்கினால் 1,257 மில்லிமீட்டர் வருகிறது. இங்கிலாந்தின் 1,435-க்கும் நம்முடைய பழைய மீட்டர் பாதையின் 1,000-க்கும் நடுவில், இரண்டிலும் சேராத ஓர் அகலத்தில் இந்த எஞ்சின் ஓடுகிறது. பிரிட்டிஷ் மாதிரிக்காரர்கள் இதைப் பற்றிப் பல தலைமுறைகளாக வாதாடி வருகிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேகம்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து எங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும் மீட்டர் பாதை நீராவி எஞ்சினை, பள்ளிக்கூடம் விட்ட மாலைகளில் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். பிளாட்பாரத்தை நெருங்க நெருங்க அதன் இணைப்புத் தண்டுகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றையும் எண்ணலாம். நீராவி எஞ்சினின் அழகு அந்த மெதுவான நடையில்தான் இருக்கிறது என்று அன்றே மனத்தில் பதிந்துவிட்டது. 2012-இல் அந்தப் பாதை அகலப்பாதையாகிப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியபோது அதே வேலியோரம் போய் நின்றேன். அந்த நடை அதோடு போயிருந்தது. ஆகவே, இந்தச் சிறிய எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது, ஊர்ந்து போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். பழுது பார்த்ததும் புதிதாகச் சேர்த்ததும் எல்லாம் அந்த ஒன்றுக்காகவே.

வெளியூரில் ஒரு கடையில் காட்டியபோது, "இத வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க சார், புதுசு வாங்கிருங்க" என்றார்கள். விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையில் 34 ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். இயந்திரத்தைத் திறந்து பார்க்காமல் இப்படிச் சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய எஞ்சின் கையில் கிடைத்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். இறுகிய எண்ணெயில் சிக்கி நிற்கும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால், சுழல முடியாத காயிலில் முழு மின்னோட்டமும் பாய்ந்து, மெல்லிய கம்பியின் மேலுள்ள வார்னிஷைக் கருக்கிவிடும். நான் முதலில் பிளாஸ்டிக் உடலைக் கழற்றி, சோப்பு கலந்த சாதாரணத் தண்ணீரில் கழுவி நிழலில் வைத்தேன். வெந்நீர் பட்டால் பழைய பிளாஸ்டிக் வளைந்துகொள்ளும். பிறகு உலோக அடிச்சட்டத்தைப் பார்த்தேன். அறுபது ஆண்டுத் தூசியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து, மோட்டாரின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் வார்ம் கியரின் பல்லிடுக்குகளில் கருவேலம்பிசின் போல இறுகியிருந்தன. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மூன்று நாட்கள் பொறுமையாகத் தேய்த்த பின்னரே பித்தளை நிறம் வெளிப்பட்டது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் நம் வீட்டுப் புட்டியிலேயே அதைப் பார்க்கிறோம். நுண்ணிய இயந்திரங்களுக்கு அது ஆகவே ஆகாது. தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளியை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

மோட்டார், எக்ஸ்04 என்று பெயர் பெற்றது. மேலே ஒரு காந்தக்கட்டி, இருபுறமும் இரும்புத் துருவங்கள், நடுவில் மூன்று காயில்கள் கொண்ட ஆர்மேச்சர் என்னும் சுழலும் பகுதி, அதன் முனையில் காயில்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றி அனுப்பும், மூன்று துண்டுகளாகப் பிரிந்த கம்யூட்டேட்டர், அதன் மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கவட்டை போன்ற ஒரே ஸ்பிரிங். எல்லாம் வெளியே தெரியும்படி திறந்த அமைப்பாக இருப்பதால், பழுது பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல மோட்டார் கிடைப்பது அரிது. கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளுக்கும் இடையிலுள்ள பிளவுகளில் கார்பன் தூள் அடைந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரத்தைக் கசியவிடும். அவற்றைத் தென்னை ஈர்க்குச்சியைச் சீவிக் கூராக்கிச் சுரண்டினேன். அது செம்பைக் கீறாது. உப்புத்தாளை இங்கே கொண்டுவரக் கூடாது. அதன் மணல் செம்பில் பதிந்துகொண்டு பிரஷைத் தின்றுவிடும்.

இனி மல்டிமீட்டர் சொன்ன செய்தி. கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளை இரண்டிரண்டாகத் தொட்டு மின்தடையை அளந்தால், நல்ல ஆர்மேச்சரில் மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்கும். எனக்கு 15 ஓம், 15 ஓம், 30 ஓம் என்று வந்தது. மூன்று காயில்களும் முக்கோணமாக இணைந்திருப்பவை. எந்த இரு முனைகளைத் தொட்டாலும் ஒரு காயில் நேர்வழியாகவும் மற்ற இரண்டும் சுற்றுவழியாகவும் மின்சாரத்தைக் கொண்டுபோகும். ஒரு காயில் அறுந்திருந்தால், அதன் முனைகளுக்கு இடையே சுற்றுவழி மட்டுமே மிஞ்சுவதால், அந்த ஓர் அளவு மட்டும் மற்றவற்றைப் போல் இரு மடங்காக நிற்கும். ஆகவே காயில் ஒன்று அறுந்திருக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எந்தக் காயில் என்பதும் தெரிந்தது. அப்பா எண்ணெய் விட்டு விட்டுப் பார்த்தும் திணறல் நிற்காததன் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அறுந்தது காயிலுக்குள்ளேயா, முனையிலா என்பதுதான் அடுத்த கவலை. உள்ளே என்றால் மொத்தக் கம்பியையும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். அம்பாசமுத்திரத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, முனையிலதான் விட்டிருக்கு. ஆனா தலைமுடி மாதிரி இருக்கு, கை நடுங்கிச்சின்னா போச்சு" என்றார். கம்பி, கம்யூட்டேட்டரின் செப்புக் காதில் ஈயம் வைத்திருந்த இடத்தில் முறிந்து, நெல்லின் வாலைப்போல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கூரிய கத்தி முனையால் அதன் வார்னிஷை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சுரண்டினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நான் ஆர்மேச்சரை இரு விரல்களால் பிடித்துக்கொள்ள, அவர் சால்டரிங் முனையைக் காதில் ஒரு நொடி மட்டும் வைத்து எடுத்தார். ஈயம் வெள்ளியாக மின்னிப் பரவியது. மீட்டரை வைத்தோம்: 10, 10, 10. அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் இரண்டு கட்டு அப்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதற்குப் பிறகு எஞ்சின் ஓடியது, ஆனால் பாய்ந்து ஓடியது. ஒரு மீட்டர் நீளத் தண்டவாளத்தை, நிற்காமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்திலேயே 3 வினாடியில் கடந்தது. 76-ஆல் பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 91 கிலோமீட்டர். யார்டில் பெட்டி சேர்க்கும் எஞ்சினுக்கு இது தகுமா? மோட்டாரும் தொட முடியாதபடி சூடாயிற்று. காந்தம் வலுவிழந்தால் இப்படித்தான் நடக்கும். காந்தப்புலம் குறையும்போது சுழலும் ஆர்மேச்சர் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட மோட்டார் வேகமாகச் சுழன்று, மின்சாரத்தை அதிகம் குடித்து, இழுவிசையைக் குறைவாகத் தருகிறது. காந்தத்தின் இருபுறத் துருவங்களையும் இரும்பால் இணைத்து வைக்காமல் கழற்றினால், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய அல்நிகோ காந்தங்கள் வலுவிழக்கும். பள்ளி நாட்களில் இதைக் கழற்றிக் குண்டூசிகளைத் தூக்கி விளையாடியவன் நான்தான் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

1980-களில் புழக்கத்துக்கு வந்த நியோடிமியம் காந்தங்கள், சிறு துண்டிலும் பன்மடங்கு வலிமை கொண்டவை. பழைய காந்தத்தின் இடத்தில் பொருந்தும் அளவுக்கு மூன்று துண்டுகளை அடுக்கி வைத்தேன். மின்னோட்டம் 0.55 ஆம்பியரிலிருந்து 0.2-க்கு இறங்கியது, சூடும் நின்றது. ஆனால் குறைந்த வேகத்தில் எஞ்சின் இடறி இடறி நகர்ந்தது. மூன்றே காயில்கள் கொண்ட ஆர்மேச்சரை மிகையான காந்தம் ஒவ்வொரு துருவத்திலும் பிடித்துப் பிடித்து விடுகிறது. கையால் சுழற்றினாலே அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரியும். இங்கே பலரும் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். வலிமை கூடக்கூட நல்லது என்பது மெதுவான ஓட்டத்துக்குப் பொருந்தாது. ஒரு துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண இரும்புக் கட்டியை வைத்தேன். மின்னோட்டம் 0.25-க்கு ஏறியது, இடறல் ஏறத்தாழ மறைந்தது. பழைய காந்தத்தின் குறுக்கே இரும்புப் பட்டையை ஒட்டி, பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பேத்தி என்றாவது இதை அசல் நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், நான் செய்த எந்த வேலையும் குறுக்கே நிற்கக் கூடாது.

அடுத்ததாக, மோட்டாரைத் தனியே எடுத்துவிட்டு அடிச்சட்டத்தைச் சற்றே சாய்த்த பலகையில் வைத்தேன். சக்கரங்களும் தண்டுகளும் தடையின்றித் தாமாக உருள வேண்டும். அது பாதியில் நின்றது. ஒரு சக்கரம் அச்சில் சிறிது திரும்பியிருந்தது. இருபுற இணைப்புத் தண்டுகளும் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியே இருக்க வேண்டும். எல்லா அச்சுகளிலும் அந்த விலகல் ஒரே அளவாக இருந்தால்தான் தண்டு சிக்காது. அதைத் திருப்பிச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. மின்சாரம் எடுக்கும் பக்கத்தில் மூன்று சக்கரங்களையும் தொடும்படி பாஸ்பர் வெண்கலக் கம்பிகளைப் புதிதாகச் சேர்த்தேன். தண்டவாள இணைப்பில் தூசி இருந்தாலும், மூன்றில் ஒரு சக்கரமாவது மின்சாரம் எடுத்துவிடும்.

கடைசியாக டி.சி.சி. டிகோடர், அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளைகளைப் பெற்று மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுப் பலகை. இந்த முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோ வினாடி என்றால் அது ஒன்று, 100 அளவில் நீண்டால் பூஜ்யம். இப்படித்தான் கட்டளைகள் போகின்றன. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர், மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக நிறுத்தி, அந்த இடைவெளியில் மோட்டார் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து, வேகம் குறைந்திருந்தால் கூட்டிக் கொடுக்கிறது. பழைய மோட்டாரின் தயக்கத்துக்கு இதைவிடத் தகுந்த துணை இல்லை. ஆனால் எக்ஸ்04-இல் ஒரு பிரஷ், ஸ்பிரிங்கின் ஒரு காலின் வழியாக அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கும். மற்ற காலில் மட்டும்தான் காப்புக் குழாய் உண்டு. இரண்டு கால்களிலும் குழாய் போட்டு இரு பிரஷ்களையும் சட்டத்திலிருந்து பிரித்தாக வேண்டும். அப்படிச் செய்யாமல் டிகோடரை இணைத்தால், அது அப்போதே எரிந்துவிடும். மீட்டரால் மூன்று முறை சோதித்த பிறகே இணைத்தேன். கம்பிகளைச் சிறிய பிளக்கின் வழியாகக் கொடுத்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தார்சாவில் தண்டவாளம் போட்டோம். பேத்தி போனில் வினாடி எண்ண, அதே ஒரு மீட்டரில் எஞ்சினை விட்டேன். தண்டுகள் மேலேறி, முன்னே சாய்ந்து, கீழிறங்குவது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நடுவிலுள்ள இணைப்பில் நிற்குமோ என்று மூச்சைப் பிடித்திருந்தேன்; நிற்கவில்லை. "தாத்தா, அறுபத்து நாலு" என்றாள். மணிக்கு நான்கேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கள் ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கும் கடைசி சில அடிகளின் வேகம். இந்த வேலையில் மாற்றிய புதுப் பிரஷ்கள் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பழகப் பத்து மணி நேரமாவது ஓட வேண்டும். அதன் பிறகு மீண்டும் திறந்து, கார்பன் தூளை ஈர்க்குச்சியால் சுரண்ட வேண்டியிருக்கிறது.