இத்தாலிப் பட்டியலிலிருந்து நீக்கிய ஊர்கள்: ஜூலை நாட்குறிப்பு

2025 ஜூலை 3, வியாழன், தூத்துக்குடி

விமானச் சீட்டுகள் இன்று உறுதியாயின. அக்டோபர் 5 ஞாயிறன்று வெனிஸில் இறங்கி, 19ஆம் தேதி ஞாயிறன்று ரோமிலிருந்து புறப்படுகிறோம். வடக்கே இறங்கித் தெற்கே விமானம் ஏறுவதால், வந்த வழியே திரும்பிச் செல்ல வீணாகும் ஒரு நாள் மிச்சமாகிறது. சீட்டின் விலை சற்றுக் கூடினாலும் அத்தான் இதில் உறுதியாக நின்றது சரி என்றே எனக்குப் படுகிறது.

கையில் இருப்பவை பதினான்கு இரவுகள். பட்டியலில் இருப்பவையோ மிலான், கோமோ ஏரி, வெரோனா, வெனிஸ், பதுவை, பொலோன்யா, ரவென்னா, சிங்க்வே தெர்ரே, பீசா, ஃபிளாரன்ஸ், சியன்னா, அசிசி, ரோம், பொம்பேயி, அமால்ஃபி, பலெர்மோ. அம்மா, அக்கா, அத்தான், நான் என நால்வரும் ஆளுக்கொன்றாகச் சேர்த்து வளர்த்த பட்டியல் இது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறும் நாளில் ரயிலில் அமர்ந்திருப்பது ஒன்றரை மணி நேரமே என்றாலும், அறையைக் காலி செய்வது, பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிலையம் சேர்வது, புதிய ஊரில் பிற்பகல் அறை கிடைக்கும்வரை காத்திருப்பது என்று பகலில் பாதி கழிந்துவிடும். எழுபதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லும்போது அரை நாள் என்பதே குறைவான கணக்கு. ஆகவே எத்தனை ஊர் என்று பேசுவதை விட்டுவிட்டு, எத்தனை தங்குமிடம் என்று பேசத் தொடங்கினோம். ஐந்துக்கு மேல் கூடாது என்பதில் நால்வருக்கும் உடன்பாடு.

பலெர்மோ இன்றே நீங்கியது. சிசிலிக்கு ரயிலில் சென்றால் மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அத்தானுக்கு அதைக் காண ஆசை. அந்நகரில் குடியேறிய ஈழத்தமிழர்கள், கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும், பெல்லெக்ரீனோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குச் சென்று வேண்டிக்கொள்வதைக் கேள்விப்பட்டிருந்த அம்மாவுக்கும் அங்கே செல்லும் எண்ணம் இருந்தது. ஆனால் சிசிலி தனியொரு பயணத்துக்கு உரிய நிலம்; இரண்டு நாளை அதற்கு ஒதுக்குவது அந்தத் தீவுக்கும் நியாயமாகாது, நமக்கும் பயன்படாது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்டேன்: எந்த இடத்தின் முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க விரும்புகிறீர்கள்? போய்வந்தோம் என்று சொல்லிக்கொள்வதற்கான ஊர்கள் இந்தக் கேள்விக்கு முன் தாமாகவே உதிர்ந்துவிடும் என்று நம்பினேன். கோமோவும் வெரோனாவும் அப்படியே உதிர்ந்தன. அவற்றுக்காக வாதாட யாரும் முன்வரவில்லை.

அம்மாவுக்குச் சிந்திக்க நேரமே தேவைப்படவில்லை. முதலில் பதுவை, கோடி அற்புதர் அந்தோணியாரின் கல்லறை. அடுத்து புனித பிரான்சிஸின் ஊரான அசிசி. அதன்பின் ரோம். இது யூபிலி எனும் புனித ஆண்டு என்பதால், யூபிலியில் மட்டுமே திறக்கும் புனிதக் கதவு நான்கு பெருங்கோயில்களிலும் திறந்திருக்கிறது. கடந்த ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவற்றுள் ஒன்றான புனித மரியா பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அங்கே முழந்தாளிட முடியாவிட்டாலும் நின்று செபிக்க வேண்டும் என்கிறார்.

பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் எனக்கு விடை சுவர்களில் இருக்கிறது. சட்டமிட்ட ஓவியம் கடல் கடந்து இன்னொரு நாட்டுக் காட்சிக்கூடத்துக்குக்கூட வந்துவிடலாம். சுவரில் தீட்டியதை நாம்தான் தேடிச் சென்றாக வேண்டும். சித்தன்னவாசல் குகையில் அண்ணாந்து நின்ற நாளிலிருந்து நான் உறுதியாகப் பற்றியிருக்கும் எண்ணம் இது. பதுவையில் ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயம், ரவென்னாவின் மொசைக்குகள் (வண்ணச் சில்லுகளைப் பதித்து அமைத்த சுவர்ப் படங்கள்), ஃபிளாரன்ஸின் சான் மார்க்கோ மடம், அசிசியில் புனித பிரான்சிஸ் பெருங்கோயிலின் மேல்தளக் கோயில், இவற்றை நீக்கச் சம்மதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா தயாரித்திருந்த நீக்கல் பட்டியலில் முதலிடம் பதுவைக்குத்தான் இருந்தது, வெனிஸுக்கு இவ்வளவு அருகில் இன்னொரு நகரம் எதற்கு என்ற காரணத்தால். அம்மாவும் நானும் வெவ்வேறு கோயில்களுக்காக ஒரே ஊரைக் கேட்கிறோம் என்று கண்டதும் நீக்கல் பட்டியலிலிருந்து அவரே பதுவையை எடுத்துவிட்டார். வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். தங்குமிடம் மாற்றத் தேவையில்லை.

ஜூலை 9, புதன்

கடற்கரைகளைப் பற்றிய பேச்சு கடினமாக இருந்தது. சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோரக் கிராமங்கள் அக்காவின் நெடுநாள் கனவு. செங்குத்தான பாறைமீது மஞ்சளும் சிவப்புமாக அடுக்கிய வீடுகளின் படத்தை அவர் கைப்பேசியில் பல மாதமாக வைத்திருக்கிறார். லா ஸ்பெசியாவிலிருந்து ஐந்து கிராமங்களுக்கும் ரயில் செல்கிறது என்பது உண்மை. ஆனால் கொர்னீலியாவில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற ஏறத்தாழ 380 படிகள். மற்ற நான்கிலும் கடலோரத்தை விட்டு நகர்ந்தால் ஏற்றம்தான். அக்டோபர் அந்தக் கரைக்கு மழை மாதம். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாட்சாவும் மொன்டெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. அதே போன்ற பேரிடர் மீண்டும் வரும் என்று நான் அஞ்சவில்லை. ஆனால் மழையில் படகும் நிற்கும், மலைப்பாதையும் மூடப்படும், அறைக்குள் அமர்ந்திருக்க இரண்டு இரவுகளைத் தர நம்மிடம் இரவுகள் இல்லை.

அமால்ஃபி இதைவிட எளிதாக நீங்கியது. அந்தக் கரையோரத்தில் ரயிலே கிடையாது. சொரெண்டோவிலோ சலேர்னோவிலோ இறங்கி, மலைச்சரிவில் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைச் சாலையில் பேருந்தில் போக வேண்டும். கொடைக்கானல் மலைப்பாதையில் அம்மா பட்ட பாட்டை அக்காவே நினைவுபடுத்தினார்.

ஆயினும் அக்காவின் பக்கம் வெறுமையாக விடப்படுவதை நான் ஏற்கவில்லை. வெனிஸின் காயலில் உள்ள புரானோ தீவை அவருக்குக் காட்டினேன்: மீனவர் குடும்பங்கள் வாழ்ந்த தீவு, வாய்க்கால் ஓரத்து வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்ணம், ஏற்றம் என்பது சிறு பாலங்கள் மட்டுமே. பொதுப் படகில் முக்கால் மணி நேரத்தில் சென்றுவிடலாம். பக்கத்துத் தீவான தொர்ச்செல்லோவின் பழைய கோயிலில் இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக் ஒரு சுவர் முழுதும் இருப்பதால் எனக்கும் அந்த நாள் பொருத்தமானது. அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, திங்கட்கிழமையைப் புரானோவுக்கு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஜூலை 13, ஞாயிறு

மிலான் என்னுடையது, அதை நீக்குவதை வேறு யாரிடமும் விடக்கூடாது என்று இன்று காலை முழுதும் அதனோடு அமர்ந்திருந்தேன்.

லியனார்டோவின் இறுதி இராவுணவு ஓவியம் ஒரு மடத்து உணவறையின் சுவரில் தீட்டப்பட்டது. என் விதிப்படி அதற்கு இடமளித்தே ஆக வேண்டும். ஆனால் வெனிஸிலிருந்து மிலானுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம், அதன்பின் தெற்கே திரும்பப் பொலோன்யாவுக்கு மேலும் ஒரு மணி நேரம். உள்ளே நிற்கக் கிடைப்பது முன்பதிவு செய்த கால் மணி நேரம். நேரம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் நான் இணங்கியிருக்க மாட்டேன். ஈரச் சுண்ணச்சாந்து உலர்வதற்குள் வேகமாகத் தீட்டும் முறையை லியனார்டோ ஏற்கவில்லை. நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய விரும்பி உலர்ந்த சுவர்மீது வண்ணம் வைத்தார். அது சுவரோடு ஒன்றவில்லை. அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது. 1943 ஆகஸ்டில் விழுந்த குண்டு அந்த உணவறையின் கூரையையும் பக்கச் சுவரையும் தகர்த்தபோது, மணல்மூட்டைகள் அடுக்கியிருந்த ஓவியச் சுவர் மட்டும் நின்றது. இருபது ஆண்டுக்கும் மேலான சீரமைப்பு 1999இல் முடிந்தபோது, அவர் கைபட்ட வண்ணமாகத் தெரிய வந்தது முழு ஓவியத்தின் ஒரு பகுதியே.

பதுவையின் ஸ்க்ரொவெஞ்ஞியிலோ ஓவியர் ஜொத்தோ 1305ஐ ஒட்டி ஈரச்சாந்தில் தீட்டியவை ஏழு நூற்றாண்டுக்குப் பிறகும் நாற்புறமும் சூழ்ந்து நிற்கின்றன. அங்கும் கால் மணி நேரம்தான். உள்ளே செல்வோரின் மூச்சு ஈரமும் தூசியும் சுவரைத் தாக்காதிருக்க, முதலில் இன்னொரு கால் மணி நேரம் கண்ணாடி அறையில் அமர்த்துகிறார்கள். ஆனால் அந்தப் பொழுதுக்குள் ஓவியர் ஒருவரின் கை ஒரு கட்டடம் முழுவதையும் நிறைத்திருப்பதைக் காணலாம். இரண்டில் ஒன்றுக்கே இடம் என்றால் எனக்குப் பதுவை. மிலானை நீக்கிவிட்டேன். வருத்தம் இருக்கிறது, வருத்தம் இல்லாமல் இதை எழுதுவதாகச் சொன்னால் அது உண்மையாகாது.

ஜூலை 17, வியாழன்

ரவென்னா எதற்கு என்று இன்று அக்கா நேராகக் கேட்டார். நியாயமான கேள்விதான், பெயரைச் சொன்னாலே யாரும் அடையாளம் காணாத ஊர். 402இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் அங்கே மாற்றப்பட்டது. பின்னர் கோத்தியர் எனும் ஜெர்மானிய இனத்தவர், அதன்பின் கான்ஸ்டான்டிநோபிளின் பேரரசர்கள் என ஆட்சி கைமாறியபோதெல்லாம் ஒவ்வொருவரும் கோயில் கட்டினார்கள். 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலே கோயிலில் பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் தம் பரிவாரங்களோடு எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கிறார்கள். பொன்பூசிய கண்ணாடிச் சில்லுகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் சிறிது சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் நடக்க நடக்க ஒளியும் சுவரில் நகர்கிறது. இதை எந்த அச்சுப்படத்திலும் காண முடியாது. என் வகுப்பில் எத்தனையோ முறை படங்களைக் காட்டி விளக்கியிருக்கிறேன், ஒருமுறையும் எனக்கு நிறைவு ஏற்பட்டதில்லை.

இதைக் கேட்டபின் அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ரவென்னாவில் தங்கக் கூடாது, பொலோன்யாவில் தங்கி ஒரு பகல் போய்வர வேண்டும். ஒப்புக்கொண்டேன். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பொலோன்யாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம்கூட ஆகாது.

பீசா நீங்கியது. சாய்ந்த கோபுரத்தைப் பற்றி யாருக்கும் ஒரு மணி நேர ஆசை இருக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பொம்பேயியைப் பற்றி அத்தானோடு மாலைவரை பேசினோம். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால் பொம்பேயியின் சிறந்த சுவரோவியங்களையும் மொசைக்குகளையும் பெயர்த்து நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து சென்ற, 1938இல் பொம்பேயியில் கிடைத்த தந்தச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பது அரைகுறை. இரண்டையும் பார்ப்பதென்றால் ஆறாவது தங்குமிடம். அதற்கு ரோமில் இரண்டு இரவுகளைக் குறைக்க வேண்டும், அது அம்மாவின் பங்கிலிருந்து எடுப்பதாகும்.

அத்தானுக்கு நான் ஓஸ்தியா அந்திகாவைச் சொன்னேன். ரோமின் பழைய துறைமுக நகரம். நகர ரயிலில் அரை மணி நேரம், சமதரை. அங்கே வணிகக் குழுக்களின் சதுக்கத்தில் கப்பல் முகவர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்த இடத்தில், ஒவ்வொரு வாசலிலும் கறுப்பு வெள்ளை மொசைக்: கப்பல்கள், கலங்கரை விளக்கம், வட ஆப்பிரிக்கத் துறையான சப்ராதாவின் வணிகருக்கு யானை. வாழ்நாள் முழுதும் சரக்குப் பட்டியல்களோடு இருந்த மனிதருக்கு, எரிமலை மூடிய நகரத்தைவிட இது நெருக்கமாக இருக்கும் என்று மனமார நம்புகிறேன். அவர் இரவு உணவுக்குப் பிறகு அந்தச் சதுக்கத்தின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பேயியைத் தானே அடித்தார்.

ஜூலை 24, வியாழன்

எஞ்சியது சியன்னாவா அசிசியா என்பது. சியன்னாவின் நகரமன்ற மாளிகையில் அம்ப்ரோஜோ லொரென்செட்டி 1338இலும் அடுத்த ஆண்டிலும் தீட்டிய நல்லாட்சி, கொடுங்கோலாட்சி ஓவியங்கள் இருக்கின்றன. ஆட்சி செய்வோர் கூடும் அறையிலேயே ஆட்சியின் விளைவுகளை வரைந்து வைத்த ஊரைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் பெரிய இழப்பு. ஃபிளாரன்ஸிலிருந்து போய்வர ஒரு முழுப் பகல் வேண்டும்; அங்கே நமக்கு இருப்பவை சனி, ஞாயிறு என்ற இரண்டு முழுப் பகல்கள். உஃபிட்சி ஓவியக்கூடத்துக்கும் சான் மார்க்கோவுக்கும் அவை போதுமா என்பதே ஐயம். அசிசியோ ஃபிளாரன்ஸிலிருந்து ரோமுக்குச் செல்லும் வழியில் வருகிறது. உஃபிட்சி மூடியிருக்கும் திங்கட்கிழமையில் நாம் ரயிலில் இருப்போம். சியன்னா நீங்கியது.

ஜூலை 27, ஞாயிறு

விசா விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய பயணத்திட்டம் தயார். வெனிஸில் மூன்று இரவு, பொலோன்யாவில் இரண்டு, ஃபிளாரன்ஸில் மூன்று, அசிசியில் ஒன்று, ரோமில் ஐந்து. 15ஆம் தேதி புதன்கிழமை என்பதால் அம்மா திருத்தந்தை லியோவின் பொதுச் சந்திப்புக்குச் செல்லலாம், வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறுகளில் பெரும்பாலும் மூடப்படுவதால் அதை வெள்ளிக்கு வைத்தோம், சனிக்கிழமை ஓஸ்தியா.

அசிசியில் ஒரே இரவு என்பது நாங்கள் வகுத்த கணக்குக்குச் சற்று முரண்தான் என்று அக்கா சுட்டிக்காட்டினார். நிலையம் கீழே சமவெளியில், ஊர் மலைமேல், பேருந்தில் பெட்டிகளோடு ஏற வேண்டும். இதற்கு அத்தான் ஒரு வழி கண்டார்: பெரிய பெட்டிகளை முன்கூட்டியே ரோமுக்கு அனுப்பிவிட்டு, ஒரு கைப்பையோடு ஏறுவது. ஃபிளாரன்ஸ் விடுதியிடம் அதற்கான ஏற்பாட்டை விசாரித்துக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பதுவைப் பயணம் அக்டோபர் 7, செவ்வாய். அந்தோணியாருக்குரிய கிழமை என்று அம்மா கேட்டு வாங்கிய நாள் அது. காலையில் அவரோடு பெருங்கோயில், பிற்பகலில் ஸ்க்ரொவெஞ்ஞி. அதற்கான நான்கு சீட்டுகளை முன்பதிவு செய்வது என் பொறுப்பு.