வடிகான் துப்புரவும் கோணேசர் நகர்வலமும்: சபை எடுக்கிற சின்ன முடிவுகள்

எங்கள் திருகோணமலையோ வேறு ஊரோ, மாநகர சபை, பிரதேச சபைக் கூட்டம் என்று நம் போனுக்கு வருகிற வீடியோ எல்லாம் ஒரே மாதிரித்தான். ஒருவர் எழும்பி நின்று கத்துவார், இன்னொருவர் கோப்பைத் தூக்கி மேசையில் அடிப்பார், தலைமை ஆசனத்தில் இருப்பவர் "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டுவார், அதோடு வீடியோ முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் மண்டபத்தில் என்ன நடந்தது என்று யாரும் போடுவதில்லை. போட்டாலும் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு ஒழுங்கையில் மதகு உடைந்திருக்கும், குப்பை ரக்டருக்கு டயர் வாங்க விலைமனு கோர வேண்டியிருக்கும், சந்தைக் கடை ஒன்றின் குத்தகை முடிந்திருக்கும், கோயில் திருவிழாவுக்கு வீதியை மறிக்க நிர்வாகம் கடிதம் கொடுத்திருக்கும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது, அடுத்தது.

எனக்கு இந்தச் சலிப்பான பக்கம்தான் பிடிக்கும். ஊர் நடக்கிறது என்றால் இதனால்தான் நடக்கிறது. "சபை ஒன்றும் செய்யுதில்லை" என்று நாம் சொல்கிற முறைப்பாடுகளில் பாதி, ஆளை மாற்றிப் பிடித்துக்கொண்டு கத்துவதுதான் என்பதும் இந்தப் பக்கத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

வீதியையே எடுப்போம். அநுராதபுரச் சந்தியில் ஒரு குழி விழுந்தால் உடனே வட்டார உறுப்பினருக்குப் போன் போகும். அவரும் பாவம், "பாக்கிறன்" என்பார். ஆனால் ஏ, பி என்று எழுத்துப் போட்ட பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை, ஆர்.டி.ஏ. என்போம். கண்டி வீதி என்று நாம் சொல்கிற ஏ6, அநுராதபுரத்தால் வருகிற ஏ12 இரண்டும் அந்தக் கணக்குத்தான். சி, டி வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு. மிச்சமிருக்கும் உள்வீதியும் ஒழுங்கையும்தான் சபைக்கு. அதற்குள்ளும் நீர்வழங்கல் சபை குழாய் பதிக்கக் கிண்டினால், கிண்ட அனுமதி கொடுப்பது ஒருவர், கிண்டுவது இன்னொருவர், மூடிச் சமப்படுத்துவது யார் என்பதில் இழுபறி. இன்னும் ஒன்று: உப்புவெளிப் பக்கம் போனால் அது மாநகர சபையே இல்லை, பட்டணமும் சூழலும் பிரதேச சபை. டவுனில் கடை வைத்துக்கொண்டு உப்புவெளியில் குடியிருப்பவர் காலையில் ஒரு சபையின் ஒழுங்கையிலிருந்து வெளிக்கிட்டு, ஆர்.டி.ஏ. வீதியில் ஓடி, இன்னொரு சபையின் வீதியில் கடையைத் திறக்கிறார். அவர் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினால் பிழை சொல்ல முடியாதுதான்.

வீதி விளக்கும் இப்படியே. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார், இருட்டினால் டியூஷன் விட்டு வருகிற பிள்ளைக்காக வாசலிலேயே நிற்பார். ஒரு நாள் மறித்துக் கேட்டார்.

"தம்பி, இந்த லைற் எரியேல்ல எண்டு யாரிட்டச் சொல்லுறது? கரண்ட்காரரிட்டச் சொன்னன், அவங்கள் சபையைக் கேக்கட்டாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கிறாங்கள் அக்கா. தூண் அவங்கட, லைற் சபையின்ர. தூணில ஒரு நம்பர் இருக்கும், அதைச் சேத்துச் சொல்லுங்கோ."

போன் ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகத் தேடினோம். இலக்கத்துக்கு மேல் ஒரு மரண அறிவித்தல், அதற்கும் மேல் பழைய தேர்தல் நோட்டீஸ், மழையில் ஊறிக் காய்ந்து தகடுபோல் இறுகிக் கிடந்தது. அக்கா திறப்புக் கோர்வையால் சுரண்டச் சுரண்ட, காலமானவரின் நெற்றித் திருநீறு முதலில் போனது, அப்புறம்தான் இலக்கம் தெரிந்தது. அந்த இலக்கம் இல்லாமல் "கோயிலடிக்குப் பக்கத்துத் தூண்" என்று எழுதிக் கொடுத்தால், ஏணியோடு வருகிறவர் எந்தக் கோயில் என்று தேடுவார்? நம் ஊரில் கோயிலுக்கா பஞ்சம்.

வீதி மறிப்பு அனுமதிதான் நான் ரசித்துப் பார்க்கிற விஷயம். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வருவார், நவராத்திரி முடிவில் கும்பங்கள் இரவிரவாக வீதி சுற்றும், பத்திரகாளி அம்பாளின் தேர் வேறு. பார்க்கிற நமக்கு அது மேளமும் தீவட்டியும் நிறைகுடம் வைத்த வாசல்களும். கடிதத்தில் அது வேறு மாதிரி இருக்கும்: எத்தனை மணிக்கு எந்தச் சந்தி மூடப்படும், பஸ் எந்தப் பக்கத்தால் திரும்பும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி திறந்திருக்குமா, முச்சக்கரவண்டிக்காரர் தரிப்பிடத்தை எங்கே மாற்றுவது, வீதிக்குத் தண்ணீர் அடிக்க பவுசர் எப்போது, தண்ணீர்ப் பந்தலில் கொடுக்கும் பேப்பர்க் கப் முழுவதையும் விடியப் பொறுக்குவது எந்தக் குழு. தாழ்ந்து தொங்கும் வயர் ஒவ்வொன்றையும் ஒரு பொடியன் கவர்த்தடியால் தூக்கிப் பிடிக்க, சுவாமி அடியால் போவார். அந்த நேரம் அந்த லைனில் மின்சாரம் நின்றிருக்க வேண்டும் என்பதும் யாரோ ஒருவர் எழுதி, யாரோ ஒருவர் கையொப்பம் வைத்த முடிவுதான். ஆண்டாண்டாக நடப்பதால் அதைக் கூட்டத்தில் அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். அரை நிமிடத்தில் தாண்ட முடிகிறது என்றால் போன வருடக் கோப்பு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சித்தப்பாவின் மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். அவன் இருப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில். அங்கே நகரங்களில் இதற்கென்றே பொதுவேலைகளுக்கும் பாதுகாப்புக்குமான ஒரு சபை தனியாக இருக்கிறது. தேர்தலில் நின்று வருகிற கவுன்சில் வேறு, இது வேறு. மேயர் நியமிக்கிற சிலர் கூடி, ஊர்வலத்துக்கு வீதி மூடுவது, ஒப்பந்தக்காரரின் பில்லுக்குக் காசு விடுவிப்பது என்று ஒவ்வொன்றாகத் தீர்க்கிறார்கள். பொலிஸ், தீயணைப்பு விஷயமும் அதே மேசைக்குத்தான் வரும், ஒரு பொலிஸ்காரரை வேலைக்கு எடுப்பதுகூட. எங்களுக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் கனவில்கூட வராது. இங்கே பொலிஸ் முழுக்கக் கொழும்பு. சபை ஒரு வீதியை ஒருவழிப் பாதையாக்க ஏகமனதாகத் தீர்மானித்தாலும், அதில் எதிர்ப்பக்கமாக வருகிறவரை மறிக்கச் சபையிடம் ஆள் இல்லை, பொலிஸிடம் கேட்கத்தான் வேண்டும். பாதுகாப்பு என்று நம் சபையின் கையில் மிச்சமிருப்பது விளக்கு, வடிகான் மூடி, வீதிக்குச் சாய்ந்த மரம், ஆபத்தான மதில், டெங்கு. இவை சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2017இல் கிண்ணியாவில் டெங்கு அடித்த அடியை மறந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்கலாம்.

கான் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. எங்கள் ஊர் ஒரு பக்கம் பின்குடா, ஒரு பக்கம் டச்சுக்குடா, ஒரு பக்கம் உட்துறைமுகம் என்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற நிலம். உவர்மலை போன்ற மேட்டை விட்டால் பல இடம் தட்டை. வாடைக்காலம் ஐப்பசியில் தொடங்கித் தை வரை கொட்டும். அந்த வெள்ளம் கான் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும், வேறு வழி இல்லை. ஆக, வடிகான் துப்புரவு என்ற தீர்மானம் கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில், எல்லோரும் புழுதியில் இருமிக்கொண்டிருக்கும்போது வர வேண்டிய தீர்மானம். கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நின்று எடுக்கிற தீர்மானம் போட்டோவுக்குத்தான் உதவும். அதோடு கானை மறித்துக் கொங்கிறீற் போட்டு வாகனம் ஏற்றுகிறவர்கள் யார்? நாங்கள்தான். மூடியைக் கழற்ற முடியாதபடி மாபிள் பதித்த வீடுகளும் இருக்கின்றன. துப்புரவுக்கு வருகிற தொழிலாளி மண்வெட்டியோடு நின்று அந்த மாபிளைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவர் வேறு என்ன செய்வார்.

தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தியைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது ஒதுக்கீட்டை. பக்கத்தில் ஒரு தொகையும் எந்த நிதியிலிருந்து என்பதும் இல்லையென்றால் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. சபையின் சொந்த வருமானம் வீடு, காணிக்குக் கட்டுகிற சோலைவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் இப்படித்தான். முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகச் சுற்றி வரும், சுற்றி வர நேரம் எடுக்கும். சோலைவரியை ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டுக்குக் காலாண்டு அதன் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். இவ்வளவு சலுகை இருந்தும் வருடக்கணக்கில் கட்டாமல் இருந்துவிட்டு ஒழுங்கைக்குக் காபெட் தார் போடக் கேட்கிறவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

2023 மார்ச்சில் ஏறத்தாழ எல்லாச் சபைகளின் காலமும் முடிந்து, தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே 6இல்தான் நடந்தது. அந்த இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினரே இல்லை, அதிகாரிகள்தான் கையொப்பம் வைத்தார்கள். குப்பை எடுக்கப்பட்டது, சம்பளம் போனது, விளக்கும் எங்கேயாவது எரிந்தது. சத்தியமாகச் சொன்னால் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் சந்தியில் மறித்து "ஏன் அந்த ஒழுங்கைக்குப் போட்டு இதுக்குப் போடேல்ல" என்று கேட்க ஆள் இருக்கவில்லை. அது இல்லாததுதான் எனக்குக் குறையாகத் தெரிந்தது. மாகாண சபையோ 2017இலிருந்து இன்னும் அப்படியேதான் கிடக்கிறது, அதைப் பற்றி இன்னொரு நாள்.

கூட்டத்துக்குப் பொதுமக்களும் போய் இருக்கலாம், பேச முடியாது, கேட்கலாம். நேரமில்லாதவர்கள் கூட்ட அறிக்கையைத் தகவலறியும் சட்டத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, 14 வேலை நாட்களுக்குள் தருவோம், தரமாட்டோம் என்று ஏதாவது பதில் வர வேண்டும். கேட்கும்போது "வீதிகள் பற்றிய விபரம்" என்று அகலமாகக் கேட்காதீர்கள், இன்ன மாதக் கூட்ட அறிக்கை, இன்ன வேலையின் மதிப்பீடு என்று கேளுங்கள். காரணம் ஏதும் எழுதத் தேவையில்லை.

கடைசியாக மாடும் மானும். கட்டாக்காலி மாடு விஷயம் எந்தச் சபையிலும் முடியாத கதை. பிடித்து அடைப்பது, தண்டப்பணம், உரிமையாளர் வந்து அழுவது, மாடு திரும்பவும் கண்டி வீதியில் படுப்பது. ஆனாலும் மாட்டுக்கு ஒரு உரிமையாளர் இருக்கிறார், சபைக்கு அதிகாரமும் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து முற்றவெளி, பஸ் நிலையம் என்று இறங்கி வருகிற புள்ளிமான்கள் அப்படியல்ல. அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்குகள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. பொலித்தீன் தின்று மான் செத்தால் சபையைத்தான் திட்டுகிறோம். மானைத் தொடச் சபைக்கு முடியாது, ஆனால் அந்தப் பொலித்தீன் கிடக்கிற வாளி சபையுடையது. சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017 செப்டம்பரிலேயே தடைசெய்தாயிற்று, இன்னும் சுற்றிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, கடைக்கு உரிமம் புதுப்பிப்பதும் சபைதான். மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத மூடி போட்ட வாளி, கடை பூட்டுகிற நேரத்துக்குப் பிறகு ஒரு தரம் ரக்டர், உரிமம் புதுப்பிக்கும்போது லஞ்ச் சீற் பற்றி ஒரு கேள்வி. மூன்றும் ஒரே கூட்டத்தில் முடிக்கக்கூடிய காரியம், வீடியோ எடுக்க அதில் ஒன்றும் இருக்காது.