வீட்டு அடுப்பில் மென்மையான நாண்: நீரின் அளவும் கல்லின் சூடும்

சூடு தணிவதற்குள் தின்றால் எந்த நாணும் மென்மையாகத்தான் இருக்கும். கல்லிலிருந்து எடுத்து அரை மணி நேரம் கழிந்த பிறகும் மடித்தால் விரிசல் விடாமல், பிய்த்தால் ரப்பராக இழுபடாமல், ஓரம் வறண்டு போகாமல் இருக்கிறதா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, வீட்டு எரிவாயு அடுப்பிலும் இரும்புக் கல்லிலும் நாண் சுட்டுப் பார்த்து வருகிறேன். மாவு, நீர், ஊறிய நேரம், கல்லின் சூடு ஆகியவற்றை எழுதி வைத்து, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றியதால், எந்த மாற்றம் எதைச் செய்தது என்று பிரித்தறிய முடிந்தது. தயிரா பாலா, ஈஸ்ட்டா சோடாவா என்ற கேள்விகளைவிட, பிசைந்த மாவில் எவ்வளவு நீர் இருக்கிறது, சுடும்போது அதில் எவ்வளவு வெளியேறிவிடுகிறது என்ற இரண்டுமே மென்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதுதான் இதுவரை எனக்குத் தெளிவாகியிருப்பது.

தந்தூர் அடுப்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். அடியில் கரி கனன்றுகொண்டிருக்க, அதன் மண் சுவர் 400 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறியிருக்கும். விரித்த மாவைத் துணி மெத்தையில் பரப்பி அந்தச் சுவரில் அறைந்து ஒட்டுவார்கள். சுவரைத் தொடும் பக்கம் நேரடிச் சூட்டில் வேக, மறுபக்கம் கரியின் கனலிலும் உள்ளே நிறைந்திருக்கும் வெங்காற்றிலும் வேகும். ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் நீண்ட இரும்புக் கம்பிகளால் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் மேற்புறம் சிவந்து ஆங்காங்கே கருகினாலும், உள்ளே இருக்கும் நீர் வெளியேற அவகாசம் கிடைப்பதில்லை. பஞ்சாபில் ஊர்ப்பொதுத் தந்தூருக்கு வீட்டு மாவைக் கொண்டுபோய்ச் சுட்டு வரும் வழக்கம் உண்டு என்றாலும், அங்கே அன்றாடம் சுடப்படுவது கோதுமை ரொட்டிதான். மைதா நாணை நம்மில் பெரும்பாலோர் அறிந்தது, பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்த குந்தன் லால் குஜ்ரால் தரியாகஞ்சில் நடத்திய மோதி மகால் போன்ற உணவகங்கள் வளர்த்த சமையல் வழியாகத்தான். எனவே, வீட்டில் நாண் சுட விரும்புபவர், தந்தூரின் அந்த இருபக்கக் கடுஞ்சூட்டுக்கு மாற்றாக எதைக் கொண்டுவருவது என்பதை முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாவிலிருந்து தொடங்குகிறேன். 250 கிராம் மைதாவுக்கு மொத்தம் 130 மில்லி நீர் சேர்த்துப் பிசைந்தபோது, சப்பாத்தி மாவைப் போலக் கையில் ஒட்டாமல் திரண்டு, தேய்க்கவும் வசதியாக இருந்தது. ஆனால் அதில் சுட்டது ஆறியதும் விறைத்தது. 150 மில்லியில் நிலைமை தேறியது. 160 முதல் 165 மில்லி வரை உயர்த்தியபோதுதான் அரை மணி நேரம் கழித்தும் மடியும் நாண் கிடைத்தது. இந்த அளவில் மாவு முதலில் விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டும். மைதாவைத் தூவி அதைச் சரிசெய்ய நினைப்பது இயல்பு என்றாலும், அப்படித் தூவும் ஒவ்வொரு பிடியும் நாம் சேர்த்த நீரின் விகிதத்தைக் குறைத்துவிடுகிறது. பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் பிசைந்தால், ஒட்டுதல் தானாகவே அடங்கிக் காது மடலைத் தொடுவது போன்ற பதம் வந்துவிடும். 175 மில்லிக்கு மேல் போனால் உருட்டுவதும் விரிப்பதும் கடினமாகின்றன. அந்தச் சிரமத்துக்கு ஏற்ற கூடுதல் மென்மை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கில் தயிரிலுள்ள நீரையும் சேர்த்தே எண்ண வேண்டும். 60 கிராம் தயிர் சேர்த்தால் அதில் ஐம்பது கிராமுக்கு மேல் நீர்தான். ஆகவே 110 மில்லி நீர் தனியாக விட்டால் போதும். தயிர் லேசாகப் புளித்திருந்தால் அதன் அமிலம் மாவின் இழுவையைத் தளர்த்திச் சுவையும் கூட்டுகிறது. நீருக்குப் பதிலாகக் காய்ச்சி ஆறவைத்த பால் சேர்த்தால் நிறம் சீக்கிரம் ஏறுகிறது. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு 5 கிராம், சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி என்று நிறுத்திக்கொண்டேன். இவற்றில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

உப்புவதற்கு ஈஸ்ட்டும் ஆப்ப சோடாவும் வெவ்வேறு வழிகளில் உதவுகின்றன. தயிரின் அமிலத்தோடு சோடா சேர்ந்தவுடன் கரியமில வாயு வெளிவரும். எனவே கால் தேக்கரண்டி சோடாவும் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்துப் பிசைந்த மாவை இரண்டு மணி நேரத்தில் சுட்டுவிடலாம். உணவக நாணின் சாயல் இதில்தான் அதிகம் வருகிறது. சோடா கூடினால் சோப்பு போன்ற வாடையும் மஞ்சள் நிறமும் தட்டும். ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால், மாவு உப்பும் நேரத்தில் அதன் உள்ளமைப்பும் இளகிக்கொள்கிறது, மணமும் கூடுகிறது. 250 கிராம் மைதாவுக்கு 3 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும். இதை நேராக மாவிலேயே கலந்துவிடலாம். உலர்ந்த உருண்டைகளாக வரும் மற்ற வகை ஈஸ்ட்டை, கையில் விட்டால் இதமாகத் தெரியும் வெதுவெதுப்பான நீரில் சர்க்கரையோடு கரைத்து, நுரைத்த பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும் நீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ஆறிய பின்னும் மென்மை நிற்பதற்காக நான் ஈஸ்ட்டையே தேர்ந்துகொண்டேன்.

மாவு இரண்டு மடங்காக உப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. சென்னையின் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாத்திரம் நிறைந்துவிடுகிறது. மார்கழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்ப்பதே நல்லது: மாவு தோய்ந்த விரலால் குத்தினால், பள்ளம் மெதுவாகப் பாதி மேலெழுந்து நிற்க வேண்டும். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சுட்டதில் மணமும் நெகிழ்வும் கூடுதலாகக் கிடைத்தன. முந்தைய நாளே திட்டமிட முடிந்தால் இதையே பரிந்துரைப்பேன். வெளியே எடுத்து ஒரு மணி நேரம் வைத்துக் குளிர் விட்ட பிறகுதான் உருட்ட வேண்டும்.

மேற்சொன்ன அளவில் 75 கிராம் வீதம் ஆறு உருண்டைகள் வரும். உருட்டியவுடன் விரித்தால் மாவு ரப்பராகச் சுருங்கும். ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் விட்டால் இழுத்த இழுப்புக்கு வரும். பூரிக்கட்டையால் அழுத்தித் தேய்ப்பதைவிட, எண்ணெய் தொட்ட விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டி, பிறகு இரு கைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினால், உள்ளிருக்கும் காற்றறைகள் நசுங்காமல் தங்குகின்றன. கட்டையே வேண்டுமென்றால் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் லேசாக உருட்டலாம். நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் தடிமன் பொருத்தமானது. அதைவிட மெல்லியதாக விரித்தால் அப்பளம் போல மொறுமொறுப்பாகும். கருஞ்சீரகத்தையோ பொடியாக நறுக்கிய பூண்டையோ இந்த நிலையில் மேலே தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட வேண்டும்.

இனிக் கல்லைப் பற்றி. இந்த முயற்சிகளில் அதிகக் கவனத்தைக் கோரியது இதுதான். நம் வீடுகளில் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்கி வைத்திருப்போம். தோசை ஒட்டாமல் எழும்ப வேண்டும் என்பதே அந்தப் பழக்கத்தின் நோக்கம். நாணுக்குத் தேவைப்படுவதோ இதற்கு நேர்மாறானது. அடிப்பக்கம் கல்லோடு இறுகப் பிடித்துக்கொண்டால்தான், கல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து மேற்பக்கத்தைச் சுவாலையில் காட்ட முடியும். அடிச்சூடு இரும்பிலிருந்தும் மேற்சூடு நெருப்பிலிருந்தும் கிடைக்கும்போதுதான் தந்தூரின் இருபக்கச் சூட்டை ஓரளவேனும் நெருங்குகிறோம். பழகிய தோசைக்கல்லில் ஈர நாணைப் போட்டால் அது வழுக்குவதோடு, நீரும் உப்பும் பட்டுக் கல்லின் பழக்கமும் கெடுகிறது. மறுநாள் தோசை ஒட்டத் தொடங்கும். ஆகவே, நீண்ட கைப்பிடி உள்ள கனமான இரும்புச் சப்பாத்திக் கல் ஒன்றை நாணுக்கென்று தனியாக வைத்து, எண்ணெய் காட்டாமல் பயன்படுத்துகிறேன். நான்ஸ்டிக் கல் இதற்கு உதவாது. அதில் நாண் ஒட்டாது என்பது மட்டுமன்றி, வெறுமையாகக் கடுஞ்சூடு ஏற்றினால் அதன் பூச்சும் கெட்டுவிடும்.

கல்லை அதிகத் தீயில் ஐந்து நிமிடமாவது காய வைத்த பிறகு நீர் தெளித்துப் பார்க்கிறேன். துளி சுள்ளென்று அங்கேயே வற்றினால் சூடு போதாது. முத்தாகத் திரண்டு கல்லின் மேல் உருண்டோடினால் இருநூறு டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். விரித்த நாணின் அடிப்பக்கத்தில் கையால் நீரைத் தாராளமாகத் தடவி, அந்தப் பக்கம் கீழே படும்படி கல்லில் பரப்பி, ஓரங்களை விரலால் ஒற்றிவிட வேண்டும். அந்த நீரில் மேற்பரப்பு மாவு வெந்து பசையாகிக் கல்லோடு பிடித்துக்கொள்கிறது. முப்பது, நாற்பது விநாடிகளில் மேலே கொப்புளங்கள் எழும்பி, பச்சை மாவின் பளபளப்பு மங்கும். அப்போது கைப்பிடியைப் பருத்தித் துணியால் இறுகப் பிடித்து, கல்லைச் சுவாலைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் கவிழ்த்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக் காட்டினால், அரை நிமிடத்தில் கொப்புளங்களின் தலை சிவந்து புள்ளி புள்ளியாகக் கருகும். மீண்டும் நிமிர்த்தி, தோசைத் திருப்பியால் ஓரத்தை நெம்பினால், அடி சிவந்திருக்கும் நாண் தானே விட்டுக்கொடுக்கும்; அடம்பிடித்தால் இன்னும் பத்து விநாடி தேவை என்று பொருள். கைப்பிடியின் திருகு தளர்ந்திருக்கக் கூடாது. குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. செயற்கை இழைத் துணியைக் கையில் சுற்றவே கூடாது.

75 கிராம் உருண்டையை இப்படி இரண்டு நிமிடத்துக்குள் சுட்டு எடுத்து நிறுத்துப் பார்த்தால் 66 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. அதே உருண்டையை 250 டிகிரிக்கு மேல் போகாத மின் அடுப்பில் (ஓவனில்) ஆறு நிமிடம் வைத்து எடுத்தபோது 61 கிராம் அளவுக்கு இறங்கியது. அந்த ஐந்து கிராம் நீர் போன வித்தியாசத்தை வாயில் வைத்தவுடன் உணரலாம். மின் அடுப்பை மட்டுமே நம்பியிருப்பவர்கள் கனமான இரும்புக் கல்லை உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் சூடேற்றி, அதன் மேல் நாணைப் போட்டால் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பில் கவிழ்க்க வழியில்லை. மூடி போட்டு வேகவைத்துத் திருப்பிப் போடுவதுதான் செய்யக்கூடியது. அது மென்மையாகவே வருகிறது. கருகிய புள்ளிகளின் மணம்தான் இராது. அமிர்தசரஸின் குல்சாவை மனத்தில் வைத்துக்கொண்டு நாணிலும் மொறுமொறுப்பைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது நெய் விட்டு மடித்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுடப்படும் வேறொரு பண்டம், அதற்கான பிசைதலும் சூடும் வேறு.

கல்லிலிருந்து எடுத்தவுடன் வெண்ணெய் தடவி, துணி விரித்த ஹாட் பாக்ஸில் அடுக்கி மூடிவிட வேண்டும். வெளியேறும் ஆவி மேல்தோலிலேயே மீண்டும் தங்கி, சற்று விறைத்த இடங்களையும் இளக்கிவிடுகிறது. துணி இல்லாமல் மூடினால் அடியில் நீர் கோத்து நாண் சொதசொதத்துப் போகும். மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைப்பது மட்டும் வேண்டாம்: வெந்த மாவிலுள்ள ஸ்டார்ச் மீண்டும் இறுகி விறைப்பது, உறையாத அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஆறியவுடன் காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில் வைத்து, தேவைப்படும்போது இருபுறமும் நீர் தெளித்து, காய்ந்த கல்லில் மூடி போட்டு ஒரு நிமிடம் சுட்டால், அன்று சுட்டதற்கு மிக நெருக்கமாகத் திரும்பிவிடுகிறது.

இப்போது மைதாவில் ஒரு பகுதியை ஆட்டாவாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 250 கிராமில் 75 கிராம் ஆட்டா கலந்து, நீரை 15 மில்லி கூட்டி, தவிடு ஊறுவதற்காகக் கலந்த மாவை இருபது நிமிடம் சும்மா விட்டுப் பிறகு பிசைந்ததில், நிறம் சற்று மங்கினாலும் மடியும் தன்மை கெடவில்லை; கோதுமையின் மணம் பருப்புக் குழம்புக்கும் பன்னீர் கிரேவிக்கும் நன்றாகவே இசைகிறது. சரிபாதி கலந்தபோது மென்மை குறைந்து சப்பாத்தியின் சுவை மேலோங்கியதால், இப்போதைக்கு 75 கிராமிலேயே நிறுத்தி, இரவு முழுவதும் குளிரில் ஊறிய மாவில் அதைக் கூட்ட முடியுமா என்று அடுத்துப் பார்க்கப் போகிறேன்.