மே 31க்குள்

மே 2, வெள்ளி
வேலூர் சத்துவாச்சாரி ஃபேஸ் 2 வீடு பிடித்துவிட்டது. வாடகை 8,500. முன் அறையில் கிழக்கு ஜன்னல். மெஷினை அதன் கீழே போட்டால் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோக்கக்கூட லைட் வேண்டாம். இவர் குழாய் குழாயாகத் திறந்து பார்த்தார், நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஓனரம்மா மோர் கொடுத்தார். "பையன் டல்லாஸ்ல இருக்கான், ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேம்மா."

மே 3, சனி
பையன் சொல்லிவிட்டானாம். ஆதார், பான், அப்புறம் இரண்டு பேருடைய சிபில் ரிப்போர்ட், அதாவது கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டினோமா என்ற கணக்கு.

மே 4, ஞாயிறு
கத்திரி இன்று ஆரம்பம். பாப்பா மொபைலில் எடுத்துக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை காசில்லாமல் எடுக்கலாம். மதிப்பெண் 300இலிருந்து 900 வரை போகுமாம், கூடினால் நல்லதாம். எனக்கு 612.

இவருக்கு எண்ணே வரவில்லை. கடன் வாங்கினதில்லை, அதனால் வரலாறு இல்லையாம். இருபது வருஷமாக மேல்விஷாரத்தில் தோல் செக்கிங். மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைக்காத மனுஷன். ரொம்ப நேரம் மாடியில் போய் நின்றிருந்தார்.

என் 612க்குக் காரணம் தம்பியின் ஆட்டோக் கடன். 2019இல் ஜாமீன் கையெழுத்து போட்டேன். அடுத்த வருஷம் ஊரடங்கு, ஆட்டோ நின்றது, தவணையும் நின்றது. 2022இல் பேசிக் குறைத்துக் கட்டினோம். விட்டுக்கொடுத்த மிச்சத்தையும் போன தீபாவளிக்கு என் தையல் சீட்டுப் பணத்தில் கட்டி, பாக்கியில்லை என்று கடிதம் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் இன்னும் 'செட்டில்டு', குறைத்துக் கட்டினது, என்றே நிற்கிறது. 'குளோஸ்டு', முழுசாகக் கட்டி முடித்தது, என்று மாறியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான்.

மே 5, திங்கள்
சிபிலில் புகார் பதிந்தாயிற்று. திருத்த 30 நாள் அவகாசமாம். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி. 30 நாள் என்றால் ஜூன் 4. எனக்கு 31ஆம் தேதி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த நூறு ரூபாயை வைத்து நான் எங்கே போய்ப் படுப்பேன்?

இ-சேவை மையத்துத் தம்பி சொன்னார்: வங்கி, ஃபைனான்ஸ் மாதிரி வீட்டுக்காரர் நேராக நம் ரிப்போர்ட்டை எடுக்க முடியாது, 2005ஆம் வருஷச் சட்டம் விடாது. அதனால்தான் நம்மையே எடுத்து வரச் சொல்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வீடு கிடைக்குமா?

மே 7, புதன்
தம்பி மாம்பழம் கொண்டுவந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி
நியூஜெர்சியிலிருந்து சித்தி மகள். "இங்க வாடகைக்குப் போனாலே இதுதான் முதல்ல கேப்பாங்க, அக்கா." ஆனால் அங்கே 1970லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து வீடு இல்லை என்றால், எந்தக் கம்பெனி ரிப்போர்ட் என்று சொல்லியாக வேண்டும். அறுபது நாளுக்குள் கேட்டால் ஒரு பிரதி இலவசம். தப்பிருந்தால் எதிர்த்துக் கேட்கலாம். டல்லாஸ் பையன் அங்கிருந்து கேள்வியை மட்டும் கொண்டுவந்திருக்கிறான்.

மே 12, திங்கள்
சித்ரா பௌர்ணமி. ராத்திரி புஷ்பப் பல்லக்கு. போகவில்லை. மேளச் சத்தம் வீடு வரை கேட்டது.

மே 14, புதன்
மூட்டை கட்டும்போது வாடகை நோட் கிடைத்தது. 80 பக்கப் பள்ளிக்கூட நோட்டு, மூலையில் எண்ணெய்க் கறை. பதினோரு வருஷம், மாசா மாசம் 5ஆம் தேதி. தொகைக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கார ஆயாவின் கையெழுத்து, ஊதா மை. முதல் வருஷம் முழுப் பெயரும் எழுதியிருக்கிறார். அப்புறம் பாதிப் பெயர். கடைசி ஆறு மாசம் ஒரு கோடும் புள்ளியும்தான், கை அவ்வளவு நடுங்கியது. ஊரடங்கு மாசங்களிலும் 5ஆம் தேதி. அப்போது மாஸ்க் தைத்துக் கட்டினேன், ராத்திரி இரண்டு மணி வரை, பல்பை மெஷின் தலையில் கட்டித் தொங்கவிட்டு. ஆயா "அடுத்த மாசம் குடுடி" என்றார், நான் கேட்கவில்லை.

இந்த 132 வரியில் ஒன்றுகூட அந்த ரிப்போர்ட்டில் இல்லை. வீடு கேட்டு வருகிறவளிடம் பார்க்க வேண்டியது இதைத்தானே? வாடகை கட்டுவாளா என்பதுதானே கேள்வி? அழுதுவிட்டேன். ஆயா போனது தையில். அவர் இருந்திருந்தால் மகன்கள் வீட்டை விற்றிருக்க மாட்டார்கள்.

மே 16, வெள்ளி
பாப்பா ரிசல்ட். 500க்கு 441! கணக்கில் 96. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சாக்லெட் கொடுத்தோம்.

மே 19, திங்கள்
நோட்டை எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி போனேன். பாக்கியில்லை கடிதமும், புகார் எண்ணும், 612ம் எல்லாம் கையில். மறைக்க மனசு வரவில்லை. தம்பி பெயரையும் சொன்னேன். ஓனரம்மா கண்ணாடி போட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தக் கோடும் புள்ளியும் உள்ள பக்கத்தில் நிறுத்தி, "உடம்பு முடியலையா அவங்களுக்கு?" என்றார். பேத்தியை விட்டுப் பன்னிரண்டு பக்கம் போட்டோ எடுத்து டல்லாஸுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே அப்போது நடுராத்திரி.

அந்த ஜன்னலில் புது வலை அடித்திருக்கிறார்கள். பரவாயில்லை, வெளிச்சம் வருகிறது.

மே 20, செவ்வாய்
போன் இல்லை.

மே 21, புதன்
இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறதாம், பேத்தி சொன்னாள். பார்த்துவிட்டான். மெஷினின் பெல்ட்டைக் கழற்றி வைத்தேன்.