துபாயில் ஒரு ஃபிளாட்: அட்வான்ஸ் செக்கிலிருந்து உயில் வரை

பதினான்கு வருடம் துபாயின் கராமா பகுதியில் வாடகை கொடுத்தோம். 2024 கடைசியில் வாடகையை ஏற்றப்போவதாக நோட்டீஸ் வந்ததும் மனைவி, "இந்தக் காசுக்கு லோனே கட்டிடலாமேங்க" என்றாள். அந்தப் பேச்சிலிருந்து பத்திரம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. இங்கே சம்பளம் வாங்கும் நம் ஆட்கள் பலர் இதையே யோசித்துக்கொண்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

துபாயில் வெளிநாட்டவர் நினைத்த இடத்தில் வீடு வாங்க முடியாது. 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டப்படி, அரசு குறித்துக் கொடுத்த பகுதிகளில் மட்டும்தான் நமக்கு முழு உரிமை. அதைத்தான் ஃப்ரீஹோல்டு என்கிறார்கள். மரீனா, ஜுமேரா வில்லேஜ் சர்க்கிள், இன்டர்நேஷனல் சிட்டி எல்லாம் அதில் வரும். நாங்கள் பார்த்தது ஜுமேரா வில்லேஜ் சர்க்கிளில் ஒரு படுக்கையறை ஃபிளாட். விலை 7,00,000 திர்ஹாம், ஏற்கெனவே குடியிருந்த வீடு.

துபாயில் வரி இல்லை என்று ஊரில் சொல்வார்கள். வருமான வரி இல்லை, அது உண்மைதான். ஆனால் வீடு கைமாறும்போது நிலத்துறைக்கு விலையில் 4 சதவீதம் கட்ட வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி என்று பேச்சு இருந்தாலும், நடைமுறையில் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. எங்களுக்கு அது 28,000. ஏஜென்ட் கமிஷன் 2 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் சேர்த்து 14,700. பத்திரம் மாற்றித்தரும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,200, பத்திரத்துக்கு 580. கடன் வாங்கியதால் அதைப் பதிய 1,690. மொத்தம் 49,170 திர்ஹாம். இதில் வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம் சேரவில்லை.

நம்மைப் போன்றவர்களின் முதல் வீட்டுக்கு, 50 லட்சம் திர்ஹாம் வரையிலான விலையில், வங்கி 80 சதவீதம் வரை கடன் தரலாம். ஆக 1,40,000 எங்கள் கையிலிருந்து. முன்பெல்லாம் நிலத்துறைக் கட்டணத்தையும் கமிஷனையும் கடனோடு சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. 2025 பிப்ரவரியில் மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது. ஆகவே கிட்டத்தட்ட 1,90,000 திர்ஹாம் ரொக்கமாக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் அட்வான்ஸ் செக் எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குக் குறைந்த பணத்தை, வெளிநாட்டுச் சம்பளத்தை ஊர் வங்கியில் போட்டு வைக்கும் என்.ஆர்.ஈ. டெபாசிட்டை உடைத்துக் கொண்டுவந்தோம். என்.ஆர்.ஈ. பணம் தடையில்லாமல் வந்துவிடும். ஊர் வாடகைப் பணம் கிடக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு என்றால் ஆடிட்டர் சான்றிதழ், வரிப் படிவங்கள் என்று அலைய வேண்டும்.

ஒப்பந்தத்துக்குப் பெயர் ஃபார்ம் எஃப். அதில் கையெழுத்துப் போடும்போது 10 சதவீதத்துக்கு ஒரு செக் கொடுத்தோம். அது ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கும். நாம் பின்வாங்கினால் போய்விடும். அடுத்து, கட்டடம் கட்டிய நிறுவனத்தின் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். அங்கேதான் சிக்கினோம். விற்கும் அம்மா, எகிப்துக்காரர், இரண்டு வருடப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தார். பாக்கி தீராமல் என்.ஓ.சி. கிடையாது. அவரிடமும் பணம் இல்லை. கடைசியில் விலையிலிருந்து கழித்துக்கொண்டு நாங்களே கட்டுவது என்று எழுதிக்கொண்டு, ஃபார்ம் எஃப்-இன் தேதியையும் நீட்டித்தோம். அந்தத் தாளில் கையெழுத்து வாங்காமல் ஒரு திர்ஹாம்கூடக் கட்ட மாட்டேன் என்று மனைவி நின்றாள். அவள் நின்றது சரி. பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் வரும் செலவு. சதுர அடிக்கு 15 திர்ஹாம், 750 சதுர அடி என்றாலே 11,250.

பத்திர நாள். டிரஸ்டி அலுவலகம் பார்க்க ஒரு சின்ன வங்கிக் கிளை மாதிரி இருந்தது. டோக்கன், சோபா, பேரீச்சம்பழத் தட்டு. வங்கி அதிகாரி பிளாஸ்டிக் உறையிலிருந்து மேனேஜர்ஸ் செக்குகளை, வங்கியே எழுதித்தரும் செக்குகளை, எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கவுன்டரில் இருந்த பெண் பழைய பத்திரத்தில் இருந்த பெயர் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் செக்கோடு ஒப்பிட்டார். விரல் நின்றது. வீட்டை விற்கும் அம்மாவுக்கு நான்கு பெயர். செக்கில் மூன்றுதான் இருந்தது. வேறு செக் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிளைக்கு ஓடி, புதுச் செக் வாங்கித் திரும்பியபோது மணி மூன்றரை. அதுவரை அந்த அம்மா கிளம்பாமல் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். அதை நான் மறக்க மாட்டேன். அரை மணி நேரத்தில் எங்கள் இருவர் பெயரிலும் பத்திரம் வந்துவிட்டது.

வீடு வாங்கினால் விசா கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் வாங்கியபோது இரண்டு வருட விசாவுக்கு வீட்டின் மதிப்பு 7,50,000 இருக்க வேண்டும், நீண்டகாலக் கோல்டன் விசாவுக்கு 20 லட்சம். எங்களுக்கு வேலை விசாதான்.

அப்புறம் இந்தியக் கணக்கு. வெளிநாட்டில் வசிக்கும்போது வாங்கிய சொத்தை ஊருக்குத் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் வரிச் சட்டப்படி முழுமையான இந்தியவாசி ஆகிவிட்டால், இந்த வீட்டை ஒவ்வொரு வருடமும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். வாடகை வந்தால் அதற்கும் இந்தியாவில் வரி உண்டு. காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். நேர்மையாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, ஒரு கட்டத்தை நிரப்பாததால் இப்படி ஆகக் கூடாது.

கடைசி வேலை உயில். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் திடீரென்று இறந்தபோது, அவர் மனைவி கோர்ட்டுக்கும் வங்கிக்கும் ஏழெட்டு மாதம் நடந்ததைப் பார்த்தவன் நான். உயில் இல்லையென்றால், 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முஸ்லிம் அல்லாதோருக்கான சட்டப்படி பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். எங்களுக்கு முழுதும் ஒருவருக்கொருவர் சேர வேண்டும் என்று ஆசை. டி.ஐ.எஃப்.சி. என்ற துபாய் சர்வதேச நிதி மையத்தின் உயில் பதிவகத்தில் ஆளுக்கொன்று பதிவு செய்தோம். சின்னவனுக்கு வயது எட்டு. எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆனால் அவனுக்குக் கார்டியன் யார் என்று கேட்டிருந்த இடத்தில், கும்பகோணத்தில் இருக்கும் என் மச்சான் பெயரை எழுதினோம். எழுதும்போது மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பத்திரமும் உயில்களும் ஒரே பச்சை ஃபைலில் இருக்கின்றன. அது எந்த அலமாரியில் என்று பெரியவளுக்கும் காட்டி வைத்திருக்கிறோம்.