கண் கேட்டவருக்குக் கோல்

பார்வை இழந்து திருவெண்பாக்கம் வந்து சேர்ந்த, தேவாரம் பாடிய மூவருள் ஒருவரான சுந்தரர், கோயில் வாயிலில் நின்று, "உள்ளே இருக்கின்றீரோ" என்று இறைவனைக் கேட்டார். "உளோம் போகீர்" என்று விடை வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோல் கிடைத்தது; கண் கிடைக்கவில்லை. சிறு வயது முதல் கேட்டுவரும் இந்த வரலாறு, என் கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, எனக்குச் சொந்தமாகிவிட்டது.

திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தவர், திருவாரூரின் வசந்த விழா நினைவில் அவ்வூர் எல்லையைத் தாண்டியதும், இரு கண்களின் பார்வையையும் இழந்தார். வெண்பாக்கத்தில் கோல், காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று தவணை தவணையாகத்தான் அருள் வந்தது. இன்றைய சாலைக் கணக்கில் 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வழியில் ஒரு பகுதியைக் கோலூன்றியும், மறு பகுதியை ஒற்றைக் கண்ணோடும் அவர் நடந்திருக்கிறார்.

டயாலிசிஸ் என்பதும் அத்தகையதொரு கோல்தான். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இரத்தத்தைச் சுத்திகரித்து, அடுத்த முறை வரை நடக்க வைக்கிறது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும்; பொட்டாசியம் கூடிவிடும் என்பதால் இளநீர் கூடவே கூடாது. தமனியையும் சிரையையும் இணைத்து அவருடைய இடக்கையில் அமைத்திருக்கும் ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தால், தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருப்பது தெரியும். அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருப்பதால், தினமும் படுக்கப் போகுமுன் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பஞ்சாட்சரம் சொல்லித்தான் தொடுவது வழக்கமாகிவிட்டது.

தொடக்கத்தில் என் வேண்டுதல் முழுக் குணம் ஒன்றை மட்டுமே கேட்டது. அது கிடைக்காத ஒவ்வொரு வாரமும் இறைவன் மறுத்துவிட்டதாகவே தோன்றியது. பார்க்க வந்தவர்களில் சிலர், "கர்மாவை அனுபவித்துத்தானே தீர்க்க வேண்டும்" என்றார்கள். நோயாளியின் காதுபட ஒருவரும் சொல்லக்கூடாத சொல் அது என்பதே என் முடிவான கருத்து. சுந்தரரைப் பாருங்கள்: சத்தியத்தை மீறியவர் அவரே, வெண்பாக்கத்தில், பிழை செய்தாலும் பொறுப்பீர் என்று நம்பியல்லவா பிழை செய்தேன் என்று ஒப்புக்கொண்டவரும் அவரே. அப்படியிருந்தும் ஆரூரில், "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி" நிற்கும் அடியார் தம் அல்லலைச் சொல்லும்போது சும்மா இருப்பீரானால் "வாழ்ந்து போதீரே" என்று முகத்துக்கு நேரே சினக்கிறார். கோபித்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போகாமல் அதே வாசலில் நின்று கோபிப்பதும் பக்தியே என்பதை, அந்தப் பதிகத்தை மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலியில் திரும்பத் திரும்ப வாய்க்குள் பாடித்தான் உணர்ந்தேன். நம்பிக்கை என்றால் வாய்மூடிப் பொறுப்பது என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு, அதன்பின் வழிபாடு எளிதாயிற்று. அழுகையும் முறையீடும் அதற்குள்ளேயே அடங்கின.

பழைய வெண்பாக்கம் இன்று இல்லை. 1944ஆம் ஆண்டு பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது ஊர் நீருக்குள் போனது. ஊன்றீஸ்வரர் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. அங்குள்ள நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. கண் கேட்டும் கோலே கிடைத்த சினத்தில் சுந்தரர் வீசியெறிந்த அந்தக் கோல் பட்டு ஒடிந்தது என்று காரணம் சொல்கிறார்கள். அம்பாளின் பெயர் மின்னொளியம்மை. இருளில் தடுமாறியவருக்கு மின்னலாய் வழி காட்டினாளாம். கோலை வீசியவருக்கும் வழி காட்டப்பட்டது என்பதை அந்தச் சந்நிதியில் நின்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காஞ்சியில் இடக்கண் கிடைத்தபோது, "காணக் கண் அடியேன் பெற்றவாறே" என்று அவர் உருகிப் பாடினார். ஒன்று கிடைத்தது போதும் என்று அங்கேயே நின்றுவிடவும் இல்லை. ஆரூர் சென்று மற்றைக் கண்ணையும் உரிமையோடு கேட்டார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசின் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு நாங்கள் காத்திருக்கிறோம். இன்று கிடைத்த நாளுக்காகக் காலையில் நன்றி சொல்கிறேன். மாலையில் விளக்கேற்றியதும் அந்த மற்றைக் கண்ணைக் கேட்கிறேன்.