காலை எடுத்தேன், கார் சுழன்றது

ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் வருடம், நெடுநாள் ஆசைக்கு ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். 2002 மாடல், இரண்டே சீட், எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் வண்டி, வழுக்கும்போது தானே பிரேக் போட்டு காரை நேராக்கும் இஎஸ்பி கிடையாது. ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் இஎஸ்பி கட்டாயமானதே 2014 நவம்பரில்தான். கோயம்புத்தூர் டிராஃபிக்கில் பத்து வருடம் ஆல்டோ ஓட்டியவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று ஒரு தெனாவெட்டு வேறு.

அக்டோபர் மழை. ஆட்டோபான் என்னும் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவு முழுக்க உதிர்ந்த இலை. கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டோமோ என்று தோன்றியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அடுத்த நொடி கண்ணாடிக்கு முன்னால் ரோடு இல்லை, இரும்புத் தடுப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரைச் சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது கார். எதிலும் இடிக்கவில்லை, பின்னால் வண்டியும் வரவில்லை. எங்கள் ஆத்தா யாருக்கு நேர்ந்துகொண்டதோ!

அடுத்த மாதமே ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தை ஒட்டிய மைதானத்தில் ஒரு நாள் கார் ஓட்டும் பயிற்சிக்குப் போனேன். பயிற்சியாளர் என் கதையைக் கேட்டுவிட்டு, குனிந்து பின் டயரைப் பார்த்தார். டயர் பக்கவாட்டில் 1209 என்று இருந்தது. 2009-ஆம் வருடம் 12-ஆவது வாரம் செய்த டயர். டயர் பட்டன் தேயாமல் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். நகத்தால் ரப்பரை அழுத்திக் காட்டினார். பழசாகி, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருந்தது. "பாதிக் காரணம் இது. மீதி உன் கால்" என்றார்.

காலின் பங்கு என்ன என்பது அன்றுதான் புரிந்தது. வளைவில் காலை எடுத்தால் வண்டியின் எடை முன்னே சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. அந்த நேரம் பார்த்து எஞ்சினும் பிரேக் மாதிரி அதே சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. டயரிடம் இருக்கும் பிடி ஓர் அளவுதான். வண்டி வளைந்து திரும்புவதற்கும் அதுதான், வேகம் குறைவதற்கும் அதுதான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கைவிரித்துவிடும். என் ஆல்டோவில் எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றியது. வளைவில் மூக்கு வெளியே ஓடும்போது மெதுவாகக் காலை எடுத்தால் தானாக வழிக்கு வரும். பத்து வருடப் பழக்கம் இங்கே எனக்கே எதிரியாகிவிட்டது.

முதலில் தண்ணீர் விட்ட வட்டத்தில் சுற்றினோம். வால் வெளியே போனதும் அது போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். அதுவரை யூடியூபில் பார்த்ததுதான். கஷ்டம் அதற்கப்புறம். வால் திரும்பி வரத் தொடங்கும் கணத்திலேயே ஸ்டீயரிங்கையும் நேராக்க வேண்டும். அரை நொடி தாமதித்தேன். கார் ஊஞ்சல் மாதிரி மறுபக்கம் வீசி, முதலில் போனதைவிட வேகமாகச் சுழன்றது. ஐந்தாறு தடவை இதே கதைதான். இறுக்கிப் பிடிக்காதே, முன்சக்கரங்கள் தாமாகவே வழி தேடும், ஸ்டீயரிங்கைக் கைக்குள் வழுக்க விடு என்றார் பயிற்சியாளர். மாவு பிசைகிற மாதிரி பிடித்திருந்தேன், உண்மைதான்.

மதியம் உதைக்கும் பலகை. தரையில் பதித்த ஓர் இரும்புத் தகடு; பின்சக்கரங்கள் அதன் மேல் ஏறும்போது இடதோ வலதோ வெடுக்கென்று தள்ளிவிடும். எந்தப் பக்கம் என்று தெரியாது. எதிரே தரையிலிருந்து தண்ணீர் சுவர் மாதிரி எழும்பும். நான் அந்தத் தண்ணீரையே பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதற்குள்ளேயே போனேன். வாக்கிடாக்கியில் "ப்ளிக்! ப்ளிக்!" என்று கத்தினார். பார்வை என்று அர்த்தம். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை பின்னாலேயே வருகிறது. சொன்னால் சாமியார் பேச்சு மாதிரி இருக்கும், ஆனால் எட்டாவது முறை தூரத்துக் கூம்பையே பார்த்துக்கொண்டு ஏறினேன். உதைத்தது, கை போனது, வந்தது, கார் நேராக நின்றது.

சந்தோஷத்தில் ஹாரன் அடித்தேன். "நல்லது. இப்போது வேகத்தை இன்னும் 5 கிலோமீட்டர் கூட்டி வா" என்றது வாக்கிடாக்கி. கூட்டிப் போனேன். மறுபடி சுழன்று தண்ணீருக்குள் நின்றேன்.